காலி மனையில் பொதுத் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

ஒரு தெருவினரோ ஒரு குடியிருப்பினரோ பொதுவான நிலத்தில் சேர்ந்து பயிரிட்டு, விளைவதைப் பகிர்ந்துகொள்ளும் சமூகத் தோட்டங்களைப் பற்றி முந்தைய இதழில் எழுதியபோது, அவை அக்கம்பக்கத்து உறவை வலுப்படுத்தும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தோட்டம் போட்டால் காய்கறி கிடைக்கும் என்பது புரிகிறது. அதனால் அக்கம்பக்கத்து உறவு எப்படி வளரும்? அதற்குச் சான்று ஏதேனும் உண்டா? (வாசகி, தாம்பரம்)

பக்கத்து வீட்டாருடன் பழக விருப்பமே இல்லாதவர்கள் மிகக் குறைவு. விருப்பம் இருந்தும் பழகாமல் இருக்கிறோம் என்றால், அவர்களிடம் போய்ப் பேசுவதற்கு நமக்கு ஒரு காரியம் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். தெருக்குழாயடியும் திண்ணையும் மாவு அரைக்கும் மில்லும் அந்தக் காரியத்தை முன்பு தாமாகவே தந்தன. வீட்டுக்குள் குழாயும் கடையில் மாவுப் பொட்டலமும் வந்த பிறகு அதற்குத் தேவையில்லாமல் போயிற்று. அந்த வசதிகள் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. குடம் சுமந்த பெண்களின் இடுப்புக்குத்தான் அந்தக் காலத்தின் விலை தெரியும். ஆனால் காரியம் போனபோது அதனுடன் பேச்சும் போய்விட்டது.

தோட்டம் அந்தக் காரியத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது. செடி யாருக்காகவும் காத்திருக்காது; சித்திரை வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் விட்டால் கீரைப் பாத்தி சருகாகிவிடும். எனவே ஊருக்குப் போகிற குடும்பம் இன்னொரு குடும்பத்திடம், என் பாத்தியையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டே ஆக வேண்டும். உதவி செய்பவரைக் காட்டிலும் உதவி கேட்பவரே உறவைத் தொடங்கி வைக்கிறார் என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் பதினொரு ஆண்டுகள் எதிர்வீட்டில் குடியிருந்தவரின் பெயரை நான் அறிந்துகொண்டது, வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அவர் தோட்டச் சாவியை என்னிடம் நீட்டிய அன்றுதான். அதற்கு ஓராண்டு கழித்து ஒரு மழை இரவில் என் தாயாரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தபோது, அவருடைய வண்டியில்தான் போனோம். தோட்டம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சான்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் குப்பை கொட்டிக் கிடந்த 541 வெற்று மனைகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கி ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவு மனைகளில் குப்பையை அகற்றிப் புல்லும் சில மரங்களும் வைத்து, உள்ளே எவரும் நுழையக்கூடிய தாழ்ந்த மரவேலி போட்டார்கள். இன்னொரு பிரிவில் குப்பையை அகற்றிப் புதரை வெட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது பிரிவை அப்படியே விட்டுவைத்தார்கள். 2018ல் வெளியான முடிவுகளின்படி, சீர்செய்த மனைகளுக்கு அருகில் வசித்தவர்கள் வீட்டுக்கு வெளியே கூடிப் பேசுவதற்குத் திறந்தவெளியைப் பயன்படுத்தியது ஏறத்தாழ முக்கால் பங்கு அதிகரித்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. இவை காய்கறித் தோட்டங்கள் அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாழ்மனை ஒன்று பராமரிக்கப்படுகிறது என்று தெரிந்தாலே தெருவின் நடை மாறுகிறது என்பதைத்தான் இந்த ஆய்வு காட்டுகிறது.

பயிரிடுவதன் பயனை நேரடியாக அளந்த ஆய்வு, கொலராடோ மாநிலத்தின் டென்வர், அரோரா நகரங்களில் நடந்து 2023ல் வெளியானது. தோட்டத்தில் இடம் கேட்டுக் காத்திருந்த 291 பேரில் ஒரு பாதியினருக்குப் பாத்தியும் விதையும் நாற்றும் அறிமுகப் பயிற்சியும் தந்து, மறு பாதியினரை ஓராண்டு காத்திருக்கச் சொன்னார்கள். பாத்தி பெற்றவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 1.4 கிராம் நார்ச்சத்தைக் கூடுதலாக உண்டார்கள். வாரத்திற்குச் சுமார் 40 நிமிடம் கூடுதலாக உடலை அசைத்து வேலை செய்தார்கள். அவர்களுடைய மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. ஒன்றரை கிராமுக்கும் குறைவான நார்ச்சத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எவரும் அறிவுரை சொல்லித் திருத்தாமல், தம் கையால் வளர்த்ததைத் தின்றதாலேயே வந்த மாற்றம் என்பதால் எனக்கு அது பெரிதாகப்படுகிறது.

கேள்வி: நகரத்தில் இப்படிச் சேர்ந்து பயிரிடும் வழக்கம் எங்கிருந்து வந்தது? மேலைநாட்டு நாகரிகம்தானே இது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

நிலத்தைப் பொதுவில் வைத்துப் பேணும் வழக்கத்தை நாம் எவரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை, ஐயா. கோயில் நந்தவனங்களுக்கும் அவற்றைப் பராமரிப்போரின் வாழ்க்கைக்கும் நிலம் ஒதுக்கிய செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகிறது; அத்தகைய நிலத்திற்குத் திருநந்தவனப்புறம் என்றே பெயர். ஆனால் கோயிலோ அரசோ கொடுக்காமல், நகரத்தில் ஒருவரையொருவர் அறியாத குடியிருப்பாளர்கள் தாங்களாகவே கூடிப் பாழ்மனையைத் திருத்தியது என்று பார்த்தால், நியூயார்க் நகரின் கதையைத்தான் சொல்ல வேண்டும். அதை இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன். அதில் நமக்கான எச்சரிக்கையும் இருக்கிறது.

1970களில் அந்நகரம் நிதி நெருக்கடியில் மூழ்கியிருந்தது. வரி கட்டாமல் உரிமையாளர்கள் கைவிட்ட கட்டடங்களும், எரிந்தும் இடிந்தும் போன கட்டடங்களின் மனைகளும் நகராட்சியின் கைக்கு வந்து, மாவட்டம் மாவட்டமாகக் குப்பைமேடுகளாகக் கிடந்தன. 1973ல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் ‘பசுமை கெரில்லாக்கள்’ என்று தங்களை அழைத்துக்கொண்டு, மண்ணும் விதையும் உரமும் கலந்த உருண்டைகளைப் பூட்டிய மனைகளின் வேலிக்கு மேலே எறிந்தார்கள். பவரி, ஹூஸ்டன் என்ற இரு தெருக்கள் சந்திக்கும் முனையில் இருந்த ஒரு மனையைக் கைவேலையாகவே சுத்தம் செய்து, அறுபது உயர்பாத்திகளில் காய்கறி வைத்தார்கள். 1974ல் நகராட்சி அந்த மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களுக்கே கொடுத்தது. 1978ல் இத்தகைய தோட்டங்களுக்கு உதவுவதற்கென்றே ‘கிரீன்தம்ப்’ என்ற திட்டத்தை நகராட்சி தொடங்கிற்று. இன்று அதன் கீழ் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன. லிஸ் கிறிஸ்டியின் பெயரைத் தாங்கி அந்த முதல் தோட்டமும் இன்றுவரை இருக்கிறது.

எச்சரிக்கை என்றேன். தோட்டங்களால் தெருக்கள் சீராகி, நிலத்தின் விலையும் ஏறியது. 1999ல் நகர நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்ட மனைகளை ஏலத்தில் விடுவதாக அறிவித்தது. இருபது ஆண்டுகள் குப்பை அள்ளி, மண் கொட்டி, மரம் வளர்த்தவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட உரிமையாக இருக்கவில்லை. ஆர்ப்பாட்டங்களும் வழக்குகளும் நடந்தன. இறுதியில் பொதுநில அறக்கட்டளை என்ற அமைப்பும், நடிகை பெட் மிட்லர் தொடங்கிய மற்றோர் அமைப்பும் அந்த மனைகளை விலைகொடுத்து வாங்கியதால்தான் அவை தப்பின. நம்மூரில் அப்படி ஒருவர் வந்து வாங்கித் தருவார் என்று எவரும் நம்பியிருக்க வேண்டாம். முதல் விதை போடுமுன் காகிதம் கையில் இருக்க வேண்டும். அடுத்த கேள்வி அதைப் பற்றியதே.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு தனியார் மனை பதினைந்து ஆண்டுகளாகக் குப்பைமேடாகக் கிடக்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். நாங்களே திருத்திப் பயிரிடலாமா? (வாசகர், வேளச்சேரி)

அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். நல்ல நோக்கத்துடன் நுழைந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது அத்துமீறல்தான். அதைவிட முக்கியமாக, பகையில் தொடங்கும் தோட்டம் தெருவைச் சேர்க்காது.

உரிமையாளர் தயங்குவாரானால் அவருடைய அச்சம் எதுவென்று புரிந்துகொள்ளுங்கள். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி, தனியார் நிலத்தை உரிமையாளருக்கு எதிராக 12 ஆண்டுகள் தொடர்ந்து வெளிப்படையாகக் கைவசம் வைத்திருப்பவர் எதிரிடை அனுபோக உரிமை கோரக்கூடும். தோட்டத்துக்கு விட்ட மனை திரும்பக் கிடைக்காது என்ற பேச்சு அங்கிருந்துதான் எழுகிறது. ஆனால் உரிமையாளரின் அனுமதியோடு ஒருவர் நிலத்தைப் பயன்படுத்தும்போது அது எதிரிடை அனுபோகமாகாது. ஆகவே, ‘இன்ன மனையில், இன்ன காலத்திற்கு, உங்கள் அனுமதியின் பேரில் மட்டும் பயிரிடுகிறோம், உரிமை எதுவும் கோர மாட்டோம், கேட்டால் மூன்று மாதத்தில் காலி செய்து தருகிறோம்’ என்று எழுதி, நீங்களும் உரிமையாளரும் கையெழுத்திட்டுக்கொள்வதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு. வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி எழுதுங்கள். நிரந்தரக் கட்டுமானம் எதையும் எழுப்பாதீர்கள். மரத்தைத் தவிர்த்துப் பருவப்பயிர்களும் பைகளும் தொட்டிகளும் போதும். மனையில் ஆள் நடமாட்டம் இருந்தால் ஆக்கிரமிப்பும் குப்பை கொட்டுதலும் நின்றுவிடும் என்பதையும் உரிமையாளருக்குச் சொல்லுங்கள். தொலைவில் இருப்பவருக்கு அது சிறிய லாபமில்லை.

தனியார் மனையைவிட எனக்கு நம்பிக்கை தருவது திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம், அதாவது எல்லாரும் ஓ.எஸ்.ஆர். என்று குறிப்பிடும் நிலம். தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலாகப் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். பரப்பு மிகப் பெரிதாக இருந்தால் அதை உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும். உங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைப் பார்த்தால் அந்த நிலம் எங்கே என்று தெரியும். அது பல இடங்களில் முள்மண்டியோ வாகன நிறுத்தமாகவோ கிடக்கிறது. பூங்காப் பராமரிப்பைக் குடியிருப்போர் நலச் சங்கங்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் நகரங்களில் ஏற்கெனவே இருப்பதால், பூங்காவின் ஒரு மூலையைக் காய்கறிக்குக் கேட்பது புதுமையான கோரிக்கையும் அல்ல. 2022 முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. அங்கே கோரிக்கையை எழுத்தில் வைத்து, அது பதிவானதா என்றும் பாருங்கள். ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கின் பக்கம் மட்டும் எந்தக் காரணத்திற்காகவும் போகாதீர்கள். வெள்ளம் வந்த ஆண்டுகளை வேளச்சேரிக்காரரான உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் தோட்டம் தொடங்கி ஆறு மாதத்தில் சண்டையில் முடிந்தது. யார் தண்ணீர் ஊற்றுவது, யார் பறித்துக்கொண்டு போவது என்பதில்தான் தகராறு. உறவை வளர்ப்பதாகச் சொல்கிறீர்கள்; எங்களுக்கு இருந்த உறவும் போயிற்று. (வாசகி, கோயம்புத்தூர்)

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எங்கள் முதல் ஆண்டு நினைவுக்கு வந்தது. விதி என்று ஒன்றும் வேண்டாம், அன்பாக நடந்துகொள்வோம் என்று தொடங்கினோம். நல்ல மனம் படைத்த ஒருவர் எல்லா வேலையையும் செய்தார். மற்றவர்கள் படம் பிடித்துக் குழுவில் போட்டு வாழ்த்தினார்கள். மூன்றாம் மாதம் அவர் வருவதை நிறுத்தினார். நான்காம் மாதம் பந்தலில் காய்ந்த கொடி மட்டும் இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்கவே எங்களுக்கு நெடுநாள் ஆயிற்று. அன்பு குறைந்ததால் அது நடக்கவில்லை. முறை இல்லாததால் நடந்தது.

‘முறை’ என்ற சொல்லை ஏரிப்பாசனத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். தண்ணீர் குறைந்த காலத்தில் யார் வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த மடை முதலில் என்று வகுத்துக்கொண்டு, அதை நடத்த நீர்க்கட்டி என்று ஒருவரையும் வைத்தார்கள். மழைக்கு முன் கால்வாயைத் தூர்வாரக் குடும்பத்துக்கு ஓர் ஆள் வருவதைக் குடிமராமத்து என்றார்கள். பொதுவானதைப் பயன்படுத்துவோர் தாங்களே விதி வகுத்து நெடுங்காலம் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வியையே வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டவர் எலினார் ஆஸ்ட்ரம். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009ல் பெற்ற முதல் பெண் அவர். ஸ்பெயினின் வாய்க்கால்கள், ஜப்பானிய மலைக்காடுகள், சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் வெளிகள் எனப் பல நூற்றாண்டுகள் நிலைத்த பொதுச்சொத்துகளை ஆராய்ந்து அவர் கண்டவற்றில் உங்களுக்குப் பயன்படக்கூடியவை சில உண்டு. யார் உறுப்பினர், யார் இல்லை என்பது தெளிவாக இருக்க வேண்டும். விதியை அதற்குக் கட்டுப்படுகிறவர்களே வகுக்க வேண்டும். மீறுகிறவருக்கு முதல் தண்டனை மிகச் சிறியதாக இருந்து படிப்படியாக ஏற வேண்டும். சண்டையைப் பேசித் தீர்க்க அருகிலேயே எளிய வழி வேண்டும்.

இவற்றில் சிறிய தண்டனை என்பதை நாம் பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறோம். ஒன்று, தவறைக் கண்டும் காணாமல் மனத்துக்குள் வைத்துக் குமைகிறோம். அல்லது ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டி முறித்துக்கொள்கிறோம். இரண்டாம் முறை நாங்கள் தொடங்கியபோது குழாயடியில் ஒரு கரும்பலகை மாட்டினோம். முறையைத் தவறவிட்டவர் அடுத்த வாரம் ஒரு நாள் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவார், அவ்வளவுதான் தண்டனை. அதை எவரும் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பலகையே சொல்லிற்று. பறிப்பதற்கு ஞாயிறு காலை என்று நாள் குறித்தோம். அன்று வந்தவர்கள் கூறுகட்டிப் பிரித்துக்கொள்வது, வர முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் முதலில் எடுத்துவைப்பது என்று முடிவானது. இடையில் வீட்டில் திடீரென்று தேவைப்படுகிற கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சைமிளகாய் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கு இல்லாமல் விதி நிலைத்திருக்காது. சமையல் நடுவில் இருப்பவரிடம் ஞாயிறுவரை பொறு என்று சொல்ல முடியுமா?

உங்கள் தோட்டத்தைக் கைவிட வேண்டாம். சண்டையிட்டவர்களையே அழைத்து விதி எழுதச் சொல்லுங்கள். எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் நகரில் நலச் சங்கம் தோட்டம் தொடங்கியிருக்கிறது. வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும் பாத்தி. வாடகைக்கு இருக்கும் எங்களுக்கு இல்லை. பின்புறக் குடிசைப் பகுதியினருக்கு இல்லவே இல்லை. அவர்களில் பலர் இதே வீடுகளில் வேலை செய்கிறவர்கள். தோட்டத்தில் களை பறிக்கக் கூலிக்கும் அவர்களைத்தான் அழைக்கிறார்கள். இதைச் சமூகத் தோட்டம் என்று சொல்லலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

சொல்லக் கூடாது. வேலியும் பூட்டும் போட்டுச் சிலர் மட்டும் பயிரிடுவதற்குத் தோட்டம் என்ற சொல்லே போதுமானது. சமூகம் என்ற சொல்லை அதற்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

மேலே குடிமராமத்தையும் நீர்க்கட்டியையும் புகழ்ந்தேன்; அதன் மறுபக்கத்தை இங்கே சொல்லாவிட்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். இரவும் பகலும் மடையைக் காத்த நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித் மக்கள். அவர்கள் காத்த தண்ணீர் பாய்ந்த நிலம் பெரும்பாலும் பிறருடையது. ஊர்ப் பொதுக்கிணறும் அப்படித்தான் இருந்தது. 1924ல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்துதான், பொதுச் சாலையும் கிணறும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்று அரசையே சொல்லவைக்க வேண்டியிருந்தது. பொது என்ற பெயர் ஓர் இடத்தைப் பொதுவாக்கிவிடாது என்பதை நம் ஊர்களைவிட நன்றாக அறிந்த ஊர்கள் இல்லை. அதே பழக்கம் நலச் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் ‘உரிமையாளர்’ என்ற சொல்லின் பின்னால் வந்து நிற்கும்போது, அதைக் கண்டுகொள்வது நம் கடமை.

பணத்தின் பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்கிறேன். நியூயார்க்கின் தோட்டங்களைச் சுற்றியுள்ள சொத்து விலைகளை ஆராய்ந்து 2008ல் வெளியான ஓர் ஆய்வு, மிக ஏழ்மையான பகுதிகளில் தோட்டம் திறந்த ஐந்து ஆண்டுகளுக்குள் அருகிலுள்ள சொத்து மதிப்பு 9.4 சதவீதப் புள்ளிகள் வரை கூடியதாகக் கண்டது. உரிமையாளருக்கு அது வருமானம்; வாடகைக்கு இருப்பவருக்கு அதுவே வாடகை உயர்வாக வந்து சேரும். அப்படியிருக்க, வாடகைக்காரருக்குப் பாத்தியும் இல்லை என்பது இரட்டை அநீதி.

சங்கத்திடம் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் வையுங்கள். பாத்தி ஒதுக்குவதற்கு வீட்டுப் பத்திரத்தைக் கேட்காமல் பகுதியில் வசிப்பதை மட்டும் தகுதியாகக் கொள்ள வேண்டும். விதி வகுக்கும் கூட்டத்தில் வாடகைக்காரரும் பின்தெருவினரும் உட்கார வேண்டும். களை பறிப்பது உறுப்பினர்கள் தம் கையால் செய்யும் வேலையாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம். ஒரே பாத்தியில் குனிந்து இருவர் களையெடுக்கும்போது, அவர்களில் ஒருவர் மற்றவருக்கு அம்மா, முதலாளி என்ற நிலை கொஞ்சமாவது தளர்கிறது. கூலிக்கு ஆள் வைத்தால் அந்த நிலை இன்னும் இறுகுகிறது. நிலமில்லாப் பெண்களுக்கு விவசாய அறிவு இல்லை என்று எவரேனும் சொன்னால் கேரளத்தின் குடும்பஸ்ரீயைக் காட்டுங்கள். 1998ல் தொடங்கிய அந்த அமைப்பில், பெண்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து தரிசு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் காய்கறியும் விளைவிக்கிறார்கள். உங்கள் பின்தெருவில் கிராமத்தை விட்டு வந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள்; பூச்சி எது, நோய் எது என்று உங்கள் சங்கத் தலைவருக்குச் சொல்லித்தரக்கூடியவர்கள் அவர்களே.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தோட்டம் உள்ளது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் இருந்தாலும் அவரவர் பாத்தியில் அவரவர் வேலை செய்துவிட்டுப் போகிறோம். மொழி தெரியாத முதியவர்கள் எப்படிப் பழகுவது? (வாசகர், சிங்கப்பூர்)

சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. மக்களில் பத்தில் எட்டுப் பேர்போல வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். ஓர் இனத்தவரே ஓரிடத்தில் குவிந்துவிடாதபடி 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் இன விகிதம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அடுத்தடுத்த கதவுகளில் குடியமர்த்துவதோடு விதிமுறையின் வேலை முடிந்துவிடுகிறது. கதவைத் திறந்து பேசுவது மனிதர்கள் செய்ய வேண்டியது. தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய சமூகத் தோட்ட இயக்கத்தில் இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன.

தனித்தனிப் பாத்தி ஆர்வத்தைக் காக்கும். உறவைத் தானாகத் தராது. எனவே நடுவில் ஒரு பாத்தியையாவது எல்லாருக்கும் பொதுவாக ஆக்குங்கள். அதில் மூன்று சமையலுக்கும் வேண்டியதை வையுங்கள். பாண்டான் இலையை மலாய்க்காரர் சோற்றிலும் பலகாரத்திலும் சேர்ப்பார். கங்கோங் கீரையைச் சீனரும் மலாய்க்காரரும் வதக்குவார்கள். பாகற்காய் மூன்று வீட்டிலும் மூன்று விதமாக வேகும். கறிவேப்பிலைக்கு உரியவர் யார் என்று சொல்லவே வேண்டாம். மொழி தெரியாத இரண்டு முதியவர்களுக்கு ஒரு பாகற்காயைக் கையில் கொடுத்தால், ஒருவர் அரிந்து உப்பில் பிசறிப் பிழிவதையும் மற்றவர் முட்டையோடு சேர்ப்பதையும் கையசைவிலேயே சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: தோட்டம் வந்தால் கொசு வரும், டெங்கு வரும் என்று எதிர்க்கிறார்கள். (வாசகர், வேலூர்)

எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கு நீரில் முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் பறக்கத் தொடங்கிவிடும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தண்ணீர்ப் பீப்பாயை வலையால் இறுகக் கட்டுங்கள். பூவாளியையும் வாளியையும் கவிழ்த்து வையுங்கள். வாரம் ஒரு நாள் தோட்டம் முழுவதும் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பதை முறைப்பலகையில் ஒரு வேலையாகவே எழுதுங்கள். அந்த வேலையை எதிர்த்தவரிடமே கொடுத்தால் மிகக் கவனமாகச் செய்வார். அவரும் தோட்டத்துக்கு வந்தவராவார்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்த என் தந்தை இங்கே என்னோடு வந்து இருக்கிறார். நாள் முழுவதும் ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறார். இங்குள்ள பொதுத் தோட்ட நிலங்களில் இடம் பெற முடியுமா? (வாசகி, ஹரோ, லண்டன்)

முடியும், ஆனால் காத்திருக்க வேண்டியிருக்கும். 1908ஆம் ஆண்டின் சிறு நிலங்கள், ஒதுக்கீட்டுத் தோட்டங்கள் சட்டம் இதற்கான பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் கொடுத்திருக்கிறது. பகுதியைச் சேர்ந்த ஆறு வாக்காளர்கள் சேர்ந்து எழுதிக் கேட்டால் மன்றம் அந்தக் கோரிக்கையைக் கருத்தில் எடுத்தே ஆக வேண்டும். முழுத் துண்டு என்பது சுமார் 250 சதுர மீட்டர். அது முதியவர் ஒருவருக்கு மிக அதிகம் என்பதால் பாதித் துண்டோ கால் துண்டோ கேளுங்கள். இடம் கிடைக்கும்வரை, ஏற்கெனவே துண்டு வைத்திருக்கும் ஒருவருக்கு உதவியாளராகத் தந்தையை அழைத்துப் போங்கள். முருங்கையும் வாழையும் அந்தக் குளிரைத் தாங்கமாட்டா என்பது முதலில் அவருக்கு வருத்தமாக இருக்கும். வெந்தயக்கீரை, பூசணி, பீன்ஸ், வெங்காயம் ஆகியவை கோடையில் நன்றாக வரும். மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தே அதன் பதத்தைச் சொல்லத் தெரிந்தவர் எந்த நாட்டுத் தோட்டத்திலும் இரண்டு வாரத்துக்கு மேல் அந்நியராக இருப்பதில்லை.

கேள்வி: முதல் பருவத்தில் என்ன பயிரிடுவது? ஆடிப்பட்டம்வரை காத்திருக்க வேண்டுமா? (வாசகர், செங்கல்பட்டு)

காத்திருக்க வேண்டாம். முதலில் மண்ணைப் பாருங்கள். கட்டட இடிபாடு கொட்டிய மனையாக இருந்தால் அந்த மண்ணில் நேரடியாகப் பயிரிடாமல், செங்கல் அடுக்கி உயர்பாத்தி கட்டி, வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண், மக்கிய உரம், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள். கழிவுநீர் கலந்த கால்வாய்த் தண்ணீரைக் கீரைக்குக் காட்டவே கூடாது.

முதல் விதை கீரையாக இருக்கட்டும். முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்த மூன்று நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். வெண்டை காய்க்க ஒன்றரை மாதம் ஆகும். அவரைக்கும் புடலைக்கும் பந்தல் போட்டுப் பொறுமையோடு இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களின் ஊக்கம் ஒரு மாதம்தான் தாங்கும் என்பதால், அந்த ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிடி கீரையாவது போய்ச் சேர வேண்டும். ஆடிக்குள் ஆட்களும் முறையும் நிலைபெற்றுவிட்டால், ஆடிப்பட்டத்தில் கொடிக்காய்களைத் துணிந்து போடலாம்.

வேலிக்கு வெளியே, தெருப்பக்கமாக ஒரு முழ அகலத்துக்கு இன்னொரு பாத்தி எடுங்கள். அதில் தூதுவளை, கற்பூரவள்ளி, துளசி, ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்து, ‘யாரும் பறித்துக்கொள்ளலாம்’ என்று எழுதிய பலகை ஒன்றை நடுங்கள். இருமும் குழந்தைக்குக் கற்பூரவள்ளி இலை கேட்டு இரவு எட்டு மணிக்கு ஒருவர் வந்து நிற்பார். அப்போது உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவர் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவரிடம் பேசட்டும். அவருடைய வீடு எந்தத் தெரு என்று கேட்டு, ஞாயிறு காலை வரச் சொல்லட்டும்.